பாபிலோனியர்கள் நிஜமாகவே 'கண்ணுக்குக் கண்' என்று வாழ்ந்தார்களா?

கேள்வி இதுதான்: "ஹமுராபியின் சட்டமே உலகின் முதல் சட்டம், 'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்' என்று எல்லோருக்கும் ஒரே நீதி என்று பள்ளியில் படித்தோம். பாபிலோனியர்கள் நிஜமாகவே அப்படித்தான் வாழ்ந்தார்களா? அவர்களுடையது என்று இன்று நம்மிடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" இதற்குள் உண்மையில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. அது முதல் சட்டமா, எல்லோருக்கும் சமமா, நடைமுறையில் இருந்ததா, அதிலிருந்து நமக்கு என்ன வந்தது. முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். மூன்றாவதில்தான் அறிஞர்களுக்குள் சண்டையே. நான்காவதற்கான பதில் பலரும் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை.

நான் படித்தது பாபிலோனியர்கள் பேசிய அக்காடிய மொழியும், பழைய பாபிலோனியக் காலத்து (ஹமுராபியின் வம்சம் ஆண்ட காலத்து) ஒப்பந்தங்களும். களிமண் பலகையில் எழுதிய கடன் பத்திரங்கள், நில விற்பனை, பாகப்பிரிவினை, வழக்குகள், இவைதான் எனக்குப் பழக்கமான சங்கதிகள். வானியலும் கணிதமும் என் துறை அல்ல. அவற்றைப் பற்றிக் கீழே சொல்வது அந்தத் துறையினர் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பாபிலோனியர்' என்று ஒரே மூச்சில் சொன்னாலும், ஹமுராபிக்கும் (கி.மு. 1792–1750) எருசலேமை இடித்த நெபுகத்நேச்சாருக்கும் (கி.மு. 605–562) நடுவே 1,100 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இடையில் ஹிட்டைட்டுகள் நகரைச் சூறையாடினார்கள், காஸைட்டுகள் வந்து நானூறு ஆண்டு ஆண்டார்கள், அசீரியர்கள் மிதித்தார்கள். ஒரு காலத்துக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹமுராபியின் ஆண்டுகளும்கூடப் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்ட ஒரு கணக்குதான். பல பத்தாண்டுகள் முன்பின்னாகக் கணக்கிடுபவர்களும் உண்டு.

சரி, முதல் சட்டமா? இல்லை. ஹமுராபிக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே 'ஊர்' என்ற பெயருள்ள நகரத்தின் அரசன் ஊர்-நம்முவின் பெயரில் சுமேரிய மொழியில் ஒரு சட்டத் தொகுப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு இசின் அரசன் லிபித்-இஷ்தாரின் தொகுப்பு, எஷ்னுன்னா நகரத்துத் தொகுப்பு, அப்புறம்தான் ஹமுராபி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாகரிகம் வளர வளரப் பழிக்குப் பழி போய் அபராதம் வந்தது என்றுதான் நாம் நினைப்போம். இங்கே நடந்தது நேர்மாறு. ஊர்-நம்மு தொகுப்பில் உடல் காயங்களுக்கு வெள்ளியில் அபராதம். எஷ்னுன்னாவில் ஒருவன் இன்னொருவன் கண்ணைப் போக்கினால் ஒரு மினா (ஏறத்தாழ அரைக் கிலோ) வெள்ளி. கண்ணுக்குக் கண் என்பது இவற்றுக்குப் பின் வந்த ஹமுராபியிடம்தான் வருகிறது. ஹமுராபியின் முன்னோர்களான அமோரிய இனக்குழுவின் வழக்கத்திலிருந்து வந்தது என்று சிலர் விளக்குகிறார்கள். சாத்தியம்தான், ஆனால் நிரூபித்த விஷயம் அல்ல.

சமநீதியா என்றால், ஹமுராபியின் சட்டங்களைச் செதுக்கிய கல்தூணே அதற்குப் பதில் சொல்கிறது. சமூகத்தை மூன்றாகப் பிரித்துத்தான் அந்தச் சட்டங்கள் பேசுகின்றன: அவீலும் என்னும் மேல்நிலைக் குடிமகன், முஷ்கேனும் என்னும் அவனுக்குக் கீழான சுதந்திர மனிதன், அதற்கும் கீழே அடிமை. அவீலும் ஒருவன் இன்னொரு அவீலுமின் கண்ணைப் போக்கினால்தான் அவன் கண் போகும். முஷ்கேனுமின் கண்ணைப் போக்கினால் ஒரு மினா வெள்ளி கட்டிவிட்டுப் போகலாம். அடிமையின் கண் என்றால் அந்த அடிமையின் விலையில் பாதி, அதுவும் முதலாளிக்கு. அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்பதற்கும் அதே கல்லில் கணக்கு இருக்கிறது. ஒரு மினா என்பது 60 ஷெக்கல். ஒரு ஷெக்கல் எட்டு கிராமுக்குச் சற்று மேல், ஏறக்குறைய நம் ஒரு பவுன் எடை. ஒரு ஷெக்கலுக்கு 180 மணி (தானிய மணியை வைத்த எடை அளவு). கூலியாளுக்கு ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் ஒரு நாளைக்கு ஆறு மணி வெள்ளி என்கிறது ஒரு விதி. அப்படியென்றால் மாதம் முழுக்க உழைத்தால் ஒரு ஷெக்கல். ஒரு மினா என்பது கூலிக்காரனின் குறைந்தது ஐந்து ஆண்டுச் சம்பாத்தியம். பணக்காரனுக்கு அது அபராதம், ஏழைக்கு அது வாழ்நாள் கடன். அதே அளவுகோலில் வைத்தியர் கட்டணத்தையும் பாருங்கள். வெண்கலக் கத்தியால் அறுவை செய்து அவீலும் ஒருவனைப் பிழைக்க வைத்தால் பத்து ஷெக்கல், முஷ்கேனும் என்றால் ஐந்து, அடிமை என்றால் இரண்டு. அவீலும் செத்துப்போனால் வைத்தியரின் கையை வெட்ட வேண்டும். இத்தனை ஆபத்து இருந்தால் யார் கத்தியைத் தொடுவார்கள் என்று உங்களுக்குத் தோன்றினால், அறிஞர்களுக்கும் அதே சந்தேகம்தான்.

இங்கிருந்துதான் மூன்றாவது கேள்வி, இது நடைமுறையில் இருந்ததா என்பது, தொடங்குகிறது. அந்தக் காலத்துப் பலகைகள் ஆயிரக்கணக்கில் நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் நீதிபதிகள் வழக்கு விசாரித்த பதிவுகளும் உண்டு. ஆனால் 'கல்தூணில் இந்த விதி சொல்வதால் இந்தத் தீர்ப்பு' என்று எழுதும் வழக்கம் அங்கே இல்லை. கல்தூண் ஒன்றைச் சுட்டுவதாகத் தோன்றும் குறிப்பு ஓரிரண்டு உண்டு. அது இந்தக் கல்தானா என்பதில் கருத்து வேறுபாடு. கூலியும் விலையும் கல்லில் சொன்னதோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. தண்டனையாக ஒருவன் கண்ணைப் பிடுங்கியதாகச் சொல்லும் வழக்குப் பதிவு எதையும் நான் கண்டதில்லை. சட்டங்களிலும் பெரிய ஓட்டைகள். அன்றாடம் நடக்கக்கூடிய சாதாரணக் கொலைக்கு நேரடியாக ஒரு விதி இல்லை. ஆனால் அடிமையின் அடையாளக் குடுமியை முதலாளிக்குத் தெரியாமல் மழித்த நாவிதனின் கையை வெட்டத் தனி விதி இருக்கிறது.

அப்படியானால் அந்தக் கல் என்ன? கிராவுஸ், போத்தெரோ போன்ற அறிஞர்கள் சொன்ன விளக்கத்தின் பக்கம்தான் நானும் சாய்கிறேன். 'ஒருவன் இப்படிச் செய்தால், இப்படி ஆகும்' என்ற அதே வாக்கிய அமைப்பில்தான் பாபிலோனியர்கள் சகுன நூல்களையும் மருத்துவ நூல்களையும் எழுதினார்கள். அறிவை அடுக்கி வைக்கும் அவர்களுடைய முறை அது. நடந்த சில தீர்ப்புகளை எடுத்துக்கொண்டு, 'இதுவே மாறினால் என்ன, அதுவே அடிமையாக இருந்தால் என்ன' என்று விரித்துக்கொண்டே போவது. வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனைக் கொல், வீட்டுக்காரனின் மகன் செத்தால் கட்டியவனின் மகனைக் கொல், அடிமை செத்தால் அடிமைக்கு அடிமை கொடு என்று போகும் வரிசை நீதிமன்றத்தைவிடப் பாடசாலைக்குத்தான் பொருத்தமாக இருக்கிறது. அதோடு, சட்டங்களுக்கு முன்னும் பின்னும் நீண்ட முகவுரையும் முடிவுரையும் உண்டு. அவை முழுக்க அரசனின் புகழ்: பலவான் எளியவனை ஒடுக்காமலிருக்க, அநாதைக்கும் விதவைக்கும் நீதி கிடைக்க, கடவுள்கள் என்னை நியமித்தார்கள் என்கிறான். கல்லின் உச்சியில் சூரியக் கடவுள் ஷமாஷ் முன் ஹமுராபி நிற்கும் சிற்பம். ஆக, 2.25 மீட்டர் உயரக் கருங்கல்லில் ஓர் அரசன் 'நான் நீதிமான்' என்று சொல்லிக்கொண்ட அறிவிப்பு அது. முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அந்தச் சமூகம் எதை நியாயம் என்று கருதியது என்பது அதில் தெரிகிறது. ஆனால் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு நீதிபதி தீர்ப்புச் சொன்னார் என்று கற்பனை செய்ய வேண்டாம். இதை ஏற்காமல், அதிகாரபூர்வமான சட்டம்தான் என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் கல் பாபிலோனில் கிடைக்கவும் இல்லை. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஈலாம் அரசன் ஒருவன் கொள்ளைப் பொருளாக அதைச் சூசா நகருக்கு, இன்றைய ஈரானுக்கு, தூக்கிப் போனான். பிரெஞ்சு அகழாய்வுக் குழு 1901–02 குளிர்காலத்தில் அங்கே அதைத் தோண்டி எடுத்தது. படித்து வெளியிட்டவர் ழான்-வென்சான் ஷேல் என்ற பாதிரியார். 282 விதிகள் என்ற எண்ணிக்கை அவர் போட்டது. கல்லில் எண்கள் கிடையாது. நடுவே சில பத்திகளை ஈலாமியர்கள் செதுக்கி அழித்துவிட்டதால் அங்கே எத்தனை விதிகள் இருந்தன என்பது அவர் போட்ட உத்தேசம். அழிந்த பகுதியில் கொஞ்சத்தை வேறு பலகைப் பிரதிகளிலிருந்து மீட்டிருக்கிறார்கள். கல் இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நிஜ வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமென்றால் கல்லை விட்டுவிட்டுக் களிமண்ணுக்கு வர வேண்டும். நான் படித்த வரையில் பாபிலோனியச் சமூகத்தை இயக்கியது பத்திரமும் சாட்சியும் கடனும்தான். வீடு விற்றாலும், பிள்ளையைத் தத்தெடுத்தாலும், அறுவடைக்கு ஆள் பிடித்தாலும் பலகை எழுதினார்கள். கீழே சாட்சிகளின் பெயர். முத்திரை இல்லாதவன் நகத்தைப் பதித்தான், அல்லது துணியின் ஓரத்தை ஈர மண்ணில் அழுத்தினான். முக்கியமான ஒப்பந்தமென்றால் பலகையைச் சுற்றி மண்ணாலேயே ஓர் உறை செய்து, அதன்மேலும் அதே வாசகத்தை எழுதினார்கள். வெளியே யாராவது திருத்தினால் உறையை உடைத்து உள்ளே பார்க்கலாம். கடன் அடைந்ததும் பலகையை உடைத்துப் போட்டார்கள். வட்டி தானியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, வெள்ளிக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று ஹமுராபி தொகுப்பின் பிரதிகளில் இருக்கிறது. விளைச்சல் பொய்த்தால் குடியானவன் மாட்டிக்கொள்வான். நிலம் போகும், அப்புறம் பிள்ளைகள், மனைவி, கடைசியில் அவனே கடனுக்கு அடிமை. புயலோ வெள்ளமோ வறட்சியோ பயிரை அழித்தால் அந்த ஆண்டுக் கடனும் வட்டியும் கொடுக்க வேண்டாம் என்று 48ஆம் விதி சொல்கிறது. கடனுக்கு அடகாகப் போன மனைவி மக்களை மூன்று ஆண்டு வேலைக்குப் பின் நான்காம் ஆண்டில் விட்டுவிட வேண்டும் என்கிறது 117ஆம் விதி.

ஆனால் நடைமுறையில் குடியானவனைக் காப்பாற்றியது இந்த விதிகளைவிட அரச ஆணைகள் என்பது என் எண்ணம். புது அரசன் பட்டமேறும்போதும், வேண்டுமானால் இடையிலும், 'மீஷரும்' என்று ஓர் ஆணை இடுவான்: நிலுவை வரி தள்ளுபடி, வாழ வழியில்லாமல் வாங்கிய கடன்கள் ரத்து, கடனுக்காக அடிமையானவர்களுக்கு விடுதலை. ஹமுராபி செய்தான், அவன் மகன் சம்சு-இலூனா செய்தான். பின்னால் வந்த அம்மி-சதூக்காவின் ஆணை பெருமளவு அப்படியே கிடைத்திருக்கிறது. அதைப் படித்தால் கல்தூணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் புரியும். வியாபார முதலீடு இதில் சேராது என்று தெளிவாக ஒதுக்குகிறது. கடனைக் கடனென்று எழுதாமல் வேறு பரிமாற்றம் போலப் பத்திரம் எழுதி ஏமாற்றும் வட்டிக்காரனுக்குத் தண்டனை சொல்கிறது. அதாவது, ஆணை வரும் என்று தெரிந்து முன்கூட்டியே தப்பிக்க வழி தேடியவர்கள் இருந்திருக்கிறார்கள். இது நடைமுறையில் இருந்தது என்பதற்கு ஆதாரமும் உண்டு. 'இது அரசாணைக்குப் பிறகு செய்த ஒப்பந்தம்' என்று பத்திரங்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஹமுராபியின் கடிதங்களும் நிறைய இருக்கின்றன. அவற்றில் வரும் ஆள், கல்லில் கடவுள் முன் நிற்பவனைவிடத் தாலுகா அலுவலகக் கோப்பு பார்ப்பவனுக்கு நெருக்கமானவன். கால்வாயைத் தூர் வாரு, இன்னாரின் நிலத்தைத் திருப்பிக் கொடு, கணக்கை அனுப்பு. எனக்குப் பிடித்தது லார்சாவிலிருந்த அதிகாரி சின்-இத்தினமுக்கு எழுதியது. சந்திர மாதங்கள் பருவத்தைவிட முந்திவிட்டதால் இந்த ஆண்டு ஒரு மாதம் கூடுதல், ஆறாம் மாதமான உலூலுவை இரண்டாவது முறை எழுதிக்கொள் என்கிறான். கையோடு, ஏழாம் மாதம் 25ஆம் தேதி பாபிலோனுக்கு வர வேண்டிய வரி, இந்தக் கூடுதல் மாதத்தின் 25ஆம் தேதியே வந்துவிட வேண்டும் என்றும் முடிக்கிறான். நாட்காட்டி தள்ளிப் போகலாம், வரி தள்ளிப் போகக் கூடாது.

பெண்கள் நிலை பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்பவர்களை நம்பாதீர்கள். கள்ள உறவில் பிடிபட்டால் இருவரையும் கட்டி ஆற்றில் போடு என்கிறது கல்; கணவன் மனைவியை மன்னித்தால் அரசன் அந்தக் கள்ளக் காதலனையும் விட்டுவிடலாம். அதே கல், கணவன் வெறுத்து ஊர் சுற்றுபவன், மனைவி மேல் குற்றமில்லை என்று விசாரணையில் தெரிந்தால் அவள் சீதனத்தை எடுத்துக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போகலாம் என்கிறது. சிப்பார் நகரில் ஷமாஷ் கோயிலோடு சேர்ந்த வளாகத்தில் நதீத்து என்ற பெண்கள் வாழ்ந்தார்கள். பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்கள், பிள்ளை பெறக் கூடாது என்ற கட்டுப்பாடு உள்ளவர்கள். நிலம் வாங்கினார்கள், வீடு வாடகைக்கு விட்டார்கள், சகோதரர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். அங்கே பெண் எழுத்தர்களும் இருந்தார்கள். இதைச் சுதந்திரம் என்று கொண்டாடவும் எனக்குத் தயக்கம். மகளின் பங்கு மருமகன் வீட்டுக்குப் போகாமல் கடைசியில் சகோதரர்களிடமே திரும்பும் ஏற்பாடு அது.

இனி நான்காவது கேள்வி. சட்டத்தில் நேரடி வாரிசு என்று ஐயமில்லாமல் காட்டக்கூடியது குறைவு. மிக நெருக்கமான ஒற்றுமை பைபிளின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தோடு. கண்ணுக்குக் கண் அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட வியப்பானது மாடு பற்றிய விதி. ஒருவனுடைய மாடு இன்னொருவன் மாட்டை முட்டிக் கொன்றால், உயிரோடிருக்கும் மாட்டின் விலையையும் செத்த மாட்டையும் இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எஷ்னுன்னா தொகுப்பில் ஏறக்குறைய இதே விதி இருக்கிறது. பல நூற்றாண்டு இடைவெளியைத் தாண்டி இது எப்படிப் போய்ச் சேர்ந்தது, எழுத்து வழியா, வாய்வழி வழக்கமா என்பதில்தான் விவாதம். ஹமுராபி தொகுப்பைப் பாடசாலைகளிலும் அரண்மனை நூலகங்களிலும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

உண்மையான சொத்து எண்களில் இருக்கிறது. அறுபதின் அடிப்படையில், இடத்துக்கு ஏற்ப மதிப்பு மாறும் எண்முறை அவர்களுடையது. யேல் பல்கலைக்கழகத்திலிருக்கும் உள்ளங்கையளவு பலகை ஒன்றில் ஒரு சதுரமும் அதன் மூலைவிட்டமும் வரைந்து, இரண்டின் வர்க்கமூலத்தை எழுதியிருக்கிறார்கள். நம் எண்ணில் 1.414212..., ஐந்து தசம இடங்கள் வரை சரி. பிளிம்ப்டன் 322 என்ற பலகையில் செங்கோண முக்கோணத்துக்கான முழு எண்கள் பித்தாகரஸுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வரிசையாக இருக்கின்றன. அது உலகின் முதல் முக்கோணவியல் அட்டவணை என்று 2017இல் செய்தி பரவியது. பாபிலோனியக் கணித வரலாற்றாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. வானத்தைப் பார்த்து நூற்றாண்டுகள் தொடர்ந்து குறிப்பெழுதியது அவர்களுடைய இன்னொரு சாதனை. கிரகணம் எப்போது வரும் என்று கணக்கிட்டார்கள். வானப் பாதையைச் சம அளவுள்ள பன்னிரண்டு ராசிகளாக கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பிரித்தார்கள். அமாவாசைக்கும் அமாவாசைக்கும் இடையிலான சராசரி காலத்தை அவர்கள் கணித்த அளவைத்தான் கிரேக்க வானியலாளர் தாலமி பயன்படுத்தினார். யூத நாட்காட்டி இன்றும் அதே அளவில் ஓடுகிறது. உங்கள் கைக்கடிகாரத்தில் 24 என்பது எகிப்திலிருந்து வந்தது. 60 நிமிடம், 60 நொடி என்பது பாபிலோனியப் பின்னங்கள் கிரேக்க வானியல் வழியாக வந்தது.

அவர்கள் தலையில் கட்டப்பட்ட சிலவற்றை இறக்கி வைக்கவும் வேண்டும். ஏழு நாள் வாரத்தை அவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். மாதத்தில் 7, 14, 19, 21, 28 ஆகிய நாள்கள் ஆகாத நாள்கள் என்று நினைத்தது உண்மை. ஆனால் மாதம் பிறந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அது ஓயாமல் சுழலும் வாரம் அல்ல. தொங்கும் தோட்டமும் அப்படித்தான். நெபுகத்நேச்சார் தான் கட்டியதையெல்லாம் கல்வெட்டுகளில் விரிவாகப் பெருமையடித்துக்கொண்டவன், அதில் தோட்டம் இல்லை. பாபிலோனியர்கள் தமிழர்கள், அவர்கள் பேசியது தமிழ் என்று சுற்றும் செய்திகளுக்கும் ஆதாரமில்லை. அவர்களுடைய அக்காடியம் எபிரேயம், அரபு ஆகியவற்றின் குடும்பம். சுமேரியம் எந்த மொழிக் குடும்பத்தோடும் இன்றுவரை நம்பத்தக்க விதத்தில் இணையவில்லை.

நமக்கு உண்மையான தொடர்பு ராசிக்கட்டத்தில் இருக்கிறது. மேஷம் முதல் மீனம் வரையான பன்னிரண்டு ராசிகள் பாபிலோனிலிருந்து கிரேக்கர்களுக்கும், கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கும் வந்தன. இதில் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துப்போகிறார்கள். பழங்கால இந்திய வானியலாளர் வராகமிகிரரும் யவனர்களின், அதாவது கிரேக்கர்களின், சோதிட அறிவை மதித்தே பேசுகிறார். ஆனால் ஒரு நாளுக்கு 60 நாழிகை என்பதும் அங்கிருந்து வந்ததா என்று கேட்டால், அவ்வளவு உறுதி கிடையாது. பழைய இந்திய வானியல் நூலான வேதாங்க ஜோதிடத்திலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. அதில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள விகிதம் 3:2, இது பாபிலோனுக்குப் பொருந்தும் அளவு. இதை வைத்து வானியல் வரலாற்றாளர் டேவிட் பிங்கிரி மெசபடோமியத் தாக்கம் என்று வாதிட்டார். ஆனால் அதே விகிதம் காந்தாரம், காஷ்மீர்ப் பக்கத்து அட்சரேகைக்கும் ஏறத்தாழப் பொருந்தும். பாபிலோனியர்களோ நாளை 60ஆக அல்ல, பொதுவாகப் பன்னிரண்டாகத்தான் பிரித்தார்கள், ஒவ்வொன்றையும் மறுபடி முப்பதாக. எனவே ராசியை அவர்கள் கணக்கில் எழுதுங்கள். நாழிகையை, இன்னும் நல்ல ஆதாரம் கிடைக்கும்வரை, எந்தப் பக்கமும் எழுதாமல் விட்டுவைக்கலாம்.